ஊரைக் கேட்டபின் இணையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊராட்சிகளை அருகிலுள்ள மாநகராட்சி, நகராட்சிகளோடு இணைப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளையும், அவற்றையொட்டி வாசகர்கள் எழுதும் கடிதங்களையும் விடாமல் படித்துவருகிறேன். இணைந்தால் வீட்டுவரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். இணைந்தால்தான் பாதாளச் சாக்கடையும் நல்ல சாலையும் வரும் என்று மறு சாரார் எழுதுகிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பல்லடம் வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் பகுதிநேர எழுத்தராகச் சேர்ந்து, செயலராக ஓய்வுபெற்ற எனக்கு, இந்த வாதத்தில் யாரும் தொடாத ஒரு செய்தி மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்ல இத்தாலியில் உள்ள ஒரு சின்னஞ்சிறு ஊரின் கதையைத் துணைக்கு அழைக்க வேண்டியிருப்பதால் கடிதம் சற்று நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அந்த ஊரின் பெயர் விகனெல்லா. இத்தாலியின் வடமேற்கு மூலையில், பியமாந்த் மாநிலத்தில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஒஸ்ஸோலா மலைநாட்டில், அந்த்ரோனா என்னும் குறுகலான பள்ளத்தாக்கில் இருக்கிறது. திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், 2023 ஜூனில் மிலான் நகரில் நடந்த ஜவுளி இயந்திரக் கண்காட்சிக்குப் போனபோது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கிறது, எங்கே போகலாம் என்று கேட்டான். எப்போதோ படித்து நினைவில் வைத்திருந்த இந்த ஊரின் பெயரை நான்தான் சொன்னேன். தோமோதோஸ்ஸோலா வரை ரயிலில் போய், அங்கிருந்து மலைப்பாதையில் ஏறி, ஊரின் சதுக்கத்தில் நின்றுகொண்டு என்னை அழைத்தான். “மாமா, இங்க பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க” என்றான். கல் சுவர், கல் பலகை வேய்ந்த கூரை, ஒரு கோயில், அதன் மணிக்கூண்டு, கோயிலின் முன்னால் கொஞ்சம் காலியிடம், நடமாட்டமும் அதிகமில்லை. தவறு என்னுடையது. நல்ல கோடையில் அவனை அனுப்பிவிட்டேன். அந்த ஊரின் சிறப்பைக் காண மார்கழியில் போயிருக்க வேண்டும்.

பள்ளத்தாக்கின் தென்புறத்து மலை மிக உயரம். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போகும் நாள்களில் அந்த மலையைத் தாண்டி ஊருக்குள் ஒரு கதிர்கூட விழாது. நவம்பர் 11ஆம் தேதி மறையும் வெயில், பிப்ரவரி 2ஆம் தேதிதான் திரும்பி வரும். ஏறத்தாழ 83 நாள். நம் கணக்கில் ஐப்பசிக் கடைசியில் போனால் தை இருபது வாக்கில்தான் வருகை. பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்து நாம் வாசல்தோறும் காப்புக் கட்டி, மறுநாள் பொங்கல் வைத்துச் சூரியனைக் கும்பிடுகிற வேளையில், அந்த ஊர் வாசலில் கும்பிடுவதற்குச் சூரியன் இல்லை. இரண்டு தேதிகளும் அவர்களுக்கு ஏற்கெனவே பழகிய நாள்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள். வட இத்தாலியில் வேளாண்மை ஆண்டு முடிந்து, குத்தகை தீர்ந்த குடியானவர்கள் சட்டிபானையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு பண்ணைக்குப் போகும் நாள். வீடு மாறுவதற்கே அங்கே ‘மார்ட்டின் திருநாள் செய்வது’ என்று ஒரு வழக்கு உண்டாம். பிப்ரவரி 2 மெழுகுவத்தித் திருநாள், அதாவது வெளிச்சத்தின் திருநாள். விகனெல்லாக்காரர்கள் அன்றுதான் வெயில் திரும்பியதையும் சேர்த்துக் கொண்டாடுவார்கள்.

1999ஆம் ஆண்டு ஜாகோமோ போன்சானி என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர், கோயிலின் முகப்பில் ஒரு சூரியக் கடிகாரம் அமைக்கலாம் என்று யோசனை சொன்னார். ஊர்த் தலைவராக இருந்த பியேர்பிராங்கோ மிதாலி அதற்கு ஒப்பவில்லை. அதற்குப் பதில் ஆண்டு முழுவதும் ஊருக்கு வெயில் கிடைக்க ஏதாவது செய்ய முடியுமா என்று திருப்பிக் கேட்டார். மூன்று மாதம் வெயிலே இல்லாத ஊருக்குச் சூரியக் கடிகாரம் எதற்கு என்பது யாருக்கும் தோன்றக்கூடிய கேள்விதான். ஆனால் கேள்வியோடு நின்றுவிடாமல், போன்சானி பொறியாளர் எமிலியோ பார்லோக்கோவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு ஒரு கண்ணாடியை வடிவமைத்தார். எட்டு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரம், ஆக நாற்பது சதுர மீட்டர்ப் பரப்புள்ள எஃகுக் கண்ணாடி அது. ஒரு டன்னுக்கு மேல் எடை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், வெயில் விழுகிற மலைச்சரிவில், ஊர்ச் சதுக்கத்துக்கு 870 மீட்டர் தொலைவில் அதை நிறுத்தினார்கள். 2006 டிசம்பர் 17ஆம் தேதி, குளிர்காலத்தின் நட்டநடுவில், விகனெல்லாவின் சதுக்கத்தில் முதன்முறையாக வெயில் அடித்தது.

கண்ணாடியை நட்டுவைத்தால் மட்டும் போதாது. சூரியன் நகர்ந்துகொண்டே இருக்கும். வெளிச்சம் மட்டும் ஓரிடத்திலேயே நிற்க வேண்டும். அதற்குச் சூரியன் இரண்டு பாகை நகர்ந்தால் கண்ணாடி ஏறத்தாழ ஒரு பாகை திரும்ப வேண்டும். இந்தத் திருப்பத்தைக் கணினி பார்த்துக்கொள்கிறது. நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் சதுக்கத்தில் வெளிச்சம் நிற்கிறது. கோடையில் தேவையில்லை என்று மூடி வைத்துவிடுகிறார்கள். என் மருமகன் கண்ணில் எதுவும் படாமல் போனது அதனால்தான். செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் யூரோ, அன்றைய மதிப்பில் அறுபது லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அப்போது ஊரின் மக்கள்தொகை இருநூறுக்கும் குறைவு. நம் பக்கத்து ஊராட்சி ஒன்றில் இத்தனை பேர் ஒரு வார்டுக்கே தேற மாட்டார்கள். ஒரு வளவில், அதாவது பக்கம் பக்கமாக வீடுகள் சேர்ந்த ஒரு குடியிருப்பிலேயே, இத்தனை பேர் இருப்பார்கள்.

இதை விளம்பர வேலை என்று சொல்வோர் இருக்கலாம். இதனால் உலகப் பத்திரிகைகளெல்லாம் அந்த ஊருக்கு வந்துபோயின என்பதும் உண்மை. 2013இல் நார்வே நாட்டின் ரியுக்கான் என்ற ஊரும் இதே வழியில் மூன்று கண்ணாடிகளை மலைமேல் வைத்துக்கொண்டது. விகனெல்லாவின் கண்ணாடி வீடுகளுக்குள் வெயிலைக் கொண்டுவரவில்லை, தோட்டங்களுக்கும் கொண்டுவரவில்லை. சதுக்கத்துக்கு மட்டுமே கொண்டுவந்தது. முதலில் படித்தபோது இதையே ஒரு குறையாக நினைத்தேன். பிறகு நம் ஊர்களை நினைத்துப் பார்த்தேன். மாரியம்மன் நோன்புக்குக் கம்பம் நடுகிற இடம் யார் வீட்டு வாசலும் அல்ல. எல்லார் வாசலும் அதுதான். வெயில் விழும் இடம் ஒன்றே ஒன்று என்றால், வீட்டுக்குள் அடுப்பை ஒட்டி முடங்கிக் கிடக்கும் வயதானவர்கள் அங்கே வந்துதான் நிற்க வேண்டும். வந்து நின்றால் பக்கத்தில் நிற்பவரோடு நாலு வார்த்தை பேசாமல் திரும்ப முடியாது. தலைவராக இருந்தவர் இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலியிடத்தைத் தேர்ந்தெடுக்க அந்த ஊரில் வாழ்ந்த ஒருவரால்தான் முடியும். தலைநகரில் உட்கார்ந்திருக்கும் ஒரு துறைக்கு, ‘குளிர்கால வெயில்’ என்று ஒரு கணக்குத் தலைப்பே இருந்திருக்காது.

இவ்வளவு சிறிய ஊருக்குத் தனித் தலைவர் எப்படி என்று கேட்கலாம். இத்தாலியில் அடிமட்ட உள்ளாட்சிக்கு ‘கொமூனே’ என்று பெயர். ரோம் மாநகரமும் ஒரு கொமூனேதான். இருநூறு பேர் வாழும் மலையூரும் ஒரு கொமூனேதான். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று நமக்கிருக்கும் படிக்கட்டு அங்கே இல்லை. நாடு முழுவதும் ஏறத்தாழ 7,900 கொமூனேக்கள். அவற்றில் பத்துக்கு ஏழு, ஐயாயிரம் பேருக்கும் குறைவானவை. தலைவருக்கு ‘சிந்தாக்கோ’ என்று பெயர். விழா நாள்களில் நாட்டுக்கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பு நிறப் பட்டையைத் தோளில் குறுக்காக அணிந்து நிற்பார். சொந்த ஊர்ப் பற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லே மணிக்கூண்டிலிருந்து பிறந்தது: ‘காம்பனீலே’ என்றால் மணிக்கூண்டு, ‘காம்பனிலீஸ்மோ’ என்றால் எங்கள் மணிக்கூண்டே பெரிது என்னும் மனம். இருபத்துநான்கு நாடுகளாகப் பிரித்துப் பேசப்பட்ட கொங்கு மண்ணில், எந்த ஊர்த் தேர் உயரம் என்று இன்றும் பந்தயம் கட்டுகிற நமக்கு இது புரியாத குணமல்ல.

இன்னொரு பொருத்தமும் உண்டு. தலைவரை மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சட்டம் இத்தாலியில் 1993 மார்ச் 25ஆம் தேதியிட்டது. நம் ஊராட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி தந்த 73ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு ஏப்ரல் 24. ஒரே பங்குனி சித்திரையில் இரண்டு நாட்டு ஊர்களுக்கும் கிடைத்த வாய்ப்பு. மூவாயிரம் பேருக்கு உட்பட்ட கொமூனேயில் இன்று பத்து உறுப்பினர்களும் ஒரு தலைவரும் இருக்கிறார்கள். முந்நூறு பேர் ஊரென்றால் முப்பது பேருக்கு ஓர் உறுப்பினர். 2011இல் விரிவாக்கப்பட்ட கோவை மாநகராட்சிக்கு நூறு வார்டுகள்; அந்த எல்லைக்குள் அப்போதே 16 லட்சம் அளவில் மக்கள். ஒரு மாமன்ற உறுப்பினருக்குப் பதினாறாயிரம் பேர். இரண்டையும் தராசில் வைப்பது முறையல்ல என்று எனக்கும் தெரியும். ஆனாலும் முப்பது பேரில் ஒருவருடைய முகம் உறுப்பினருக்குத் தெரியும். பதினாறாயிரம் பேரில் ஒருவருடைய புகார் எண்தான் தெரியும்.

இனி என் சொந்த அனுபவம். நான் பணியில் இருந்த ஊராட்சியில், நெடுஞ்சாலையை ஒட்டிய பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரிய வேம்பு இருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது அதை வெட்டினார்கள். பதிலுக்கு நான்கு இரும்புக் கம்பிகளை நட்டு, மேலே தகரம் அடித்து ஒரு நிழற்குடை அமைத்தார்கள். பங்குனி பிறந்ததும் தகரம் அனலாகக் கொதித்தது. குடையின் கீழே நிற்பதைவிட வெளியே வெயிலில் நிற்பதே மேல் என்று பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சாலையோரம் நின்றார்கள். மே 1ஆம் தேதி கிராம சபை கூடியது. அஜெண்டாவில் இருந்தவை குடிநீர், சுகாதாரம், வேலைத் திட்டக் கணக்கு. நான் வரவு செலவு வாசித்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்து ஒரு மூதாட்டி எழுந்தார். வாரத்தில் இரண்டு நாள் மருந்து வாங்க அரசு மருத்துவமனைக்கு அந்த நிறுத்தத்தில்தான் பேருந்து ஏறுவார். “ஏஞ்சாமி, மரத்தெ வெட்டுனவிய அந்த நெழலெ எங்க கொண்டுபோயி வெச்சிருக்கறாங்க?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

தலைவர் அங்கேயே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, இருவர் வீடும் ஒரே தெருவில். தீர்மானப் புத்தகத்தில் நானே எழுதினேன்: தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்வது, நெடுஞ்சாலைத் துறை நிலத்தில் கை வைக்க முடியாது என்பதால் நிறுத்தத்தின் பின்புறம் உள்ள ஊர் நத்தத்தில் மூன்று வேப்பங்கன்றும் ஒரு புங்கங்கன்றும் நட்டு முள்வேலி அமைப்பது, செலவைப் பொது நிதியில் எடுப்பது. கீற்று பத்து நாளில் ஏறியது. ஆடிக் காற்றில் பாதி பறந்தது; மறுபடி வேய்ந்தோம். கன்றுகளில் ஒரு வேம்பை ஆடு மேய்ந்துவிட்டது, புங்கன் பட்டுப்போனது, இரண்டு வேம்பு பிழைத்தன. இதில் பெருமை பேச ஒன்றும் இல்லை. விகனெல்லாவின் கண்ணாடியோடு இதை வைத்துப் பேசினால் சிரிப்பார்கள். ஆனால் அந்த மூதாட்டிக்குக் கேள்வி கேட்க ஓர் இடமும் தேதியும் இருந்தன. பதில் சொல்ல ஓர் ஆள் எதிரே உட்கார்ந்திருந்தார். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையின் பயன் இவ்வளவுதான், இதற்குக் குறைவும் இல்லை.

மாநகராட்சியோடு இணைந்த ஊர் எப்படி இருக்கும் என்பது நமக்குப் புதிதல்ல. 2011இல் கோவையோடு குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும், வடவள்ளி, சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர் போன்ற பேரூராட்சிகளும், விளாங்குறிச்சி ஊராட்சியும் சேர்ந்தன. அதே ஆண்டு திருப்பூரோடு நல்லூர், 15 வேலம்பாளையம் நகராட்சிகளும் எட்டு ஊராட்சிகளும் சேர்ந்தன. அப்படி இணைந்த ஓர் ஊரில் என் உறவினர்கள் இருக்கிறார்கள். அகலமான சாலை வந்தது, குப்பை வண்டி வருகிறது, மனை விலை ஏறியது. இவற்றை மறைக்க மாட்டேன். அவர்கள் வளவின் முனையில் இருந்த தெருவிளக்கு ஒருமுறை அணைந்தபோது, முன்பானால் சைக்கிளில் போகும் டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிட்டுச் சொன்னால் மறுநாள் எரியும். இப்போது கைப்பேசியில் புகார் பதிந்து எண் வாங்கினார்கள். இரண்டு வாரம் கழித்து, ‘சரிசெய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. விளக்கு எரியவில்லை. வேறொரு தெருவில் எரிந்துகொண்டிருந்த விளக்கைச் சரிபார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். யாருடைய அலட்சியமும் இதில் பெரிதாக இல்லை. ‘முருங்கை மரத்து வளவு’ என்று சொன்னால் புரிந்துகொள்கிற ஆள் அந்த அலுவலகத்தில் இல்லை, அவ்வளவுதான். நகரங்களிலும் 2022 முதல் பகுதி சபைகள் என்று கூட்டுகிறார்கள். என் உறவினர்களில் ஒருவரும் இதுவரை அதில் உட்கார்ந்ததில்லை; எப்போது, எங்கே கூடுகிறது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

இதை வைத்து, எந்த ஊராட்சியையும் இணைக்கவே கூடாது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். விகனெல்லாவே இன்று தனிக் கொமூனே அல்ல. கண்ணாடி வந்ததால் இளைஞர்கள் ஊர் திரும்பிவிடவில்லை. ஆல்ப்ஸ் மலையூர்கள் எல்லாவற்றையும் போல அதுவும் ஆள் குறைந்துகொண்டே வந்த ஊர்தான். 2016 ஜனவரி 1ஆம் தேதி பக்கத்து ஊரான செப்பியானாவோடு சேர்ந்து, போர்கோமெத்சவாலே என்ற புதிய பெயரில் ஒரே கொமூனே ஆயிற்று. இரண்டும் சேர்ந்தும் மக்கள் முந்நூற்றுச் சொச்சம்தான். இருநூறு பேருக்கு ஓர் அலுவலகம், ஒரு கணக்கர், ஒரு வாகனம் என்று வைத்துக் கட்டுபடியாகாது என்பதை அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். நம் பக்கத்திலும் பெரிய வேலைக்குப் பெரிய அமைப்பு வேண்டும். பவானி ஆற்றின் உபரி நீரைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை, 2024 ஆகஸ்டில் அது தொடங்கிவைக்கப்படும்வரை நம் பாட்டன் காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அதை எந்த ஊராட்சியும் தன் பொது நிதியில் செய்திருக்க முடியாது. நொய்யலில் சாயக் கழிவு கலந்தபோதும் தனித்தனி ஊராட்சிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்தவன் நான்.

வேறுபாடு, இணைத்த விதத்தில் இருக்கிறது. இத்தாலிய அரசமைப்பின் 133ஆம் பிரிவு, புதிய கொமூனேக்களை உருவாக்கவும், இருப்பவற்றின் எல்லையையும் பெயரையும் மாற்றவும் மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது; ஆனால் ‘அங்கு வாழும் மக்களைக் கேட்டபின்’ என்ற ஒரு சொற்றொடரைச் சேர்த்தே தருகிறது. அந்த அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது 1948இல். இணையும் ஊர்களுக்குப் பல ஆண்டுகள் கூடுதல் நிதி கிடைக்கிறது. இணைந்த பிறகும் பழைய ஊர்களின் குரல் கேட்க அந்தந்த ஊருக்கென ஓர் அமைப்பை வைத்துக்கொள்ள 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பு இடம் தருகிறது. இவை போதாதென்று, ஐயாயிரம் பேருக்குட்பட்ட சிறிய ஊர்களைக் காக்க 2017இல் தனிச் சட்டமும் போட்டார்கள். அந்தப் பணம் கடலில் கரைத்த பெருங்காயம் என்று அங்கேயே பேசுவார்கள் போலும். நானும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கேட்டார்கள் என்பதுதான் என் பேச்சு.

நம் அரசமைப்பின் 74ஆம் திருத்தம், ஓர் இடத்தை நகர்ப்புறமாக அறிவிக்கும்முன் மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சிக்கு வரும் வருவாய், வேளாண்மை சாராத வேலையில் இருப்போர் விழுக்காடு, பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. எல்லாம் கணக்கெடுக்கக்கூடியவை, நல்ல அளவுகோல்கள்தாம். ஊராரின் விருப்பம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. அறிவிப்பு வந்தபின் ஆட்சேபணை எழுதிக்கொடுக்கலாமே என்பார்கள். செயலராக இருந்தபோது அத்தகைய அறிவிப்புகளை அலுவலகப் பலகையில் ஒட்டியவன் நான். அந்தப் பலகையை யார் படிப்பார்கள் என்பதும், அரசிதழின் தமிழை எத்தனை பேர் முழுமையாகப் படித்து முடிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். முன்கூட்டி ஒருவரை உட்காரவைத்துக் கேட்பது ஒன்று. முடிவு செய்தபின், மறுப்பிருந்தால் எழுதிக்கொடு என்பது வேறு. பெண் பார்க்க வந்த அன்றைக்கே சம்மதம் கேட்கிற ஊரில், முகூர்த்தக்கால் நட்டபின் சம்மதம் கேட்டால் என்ன சொல்வோம்?

இப்போதைய வேளையும் சரியில்லை. கொங்கு மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போயிற்று. இணைப்பு அறிவிப்புகள் வந்ததும் அந்த நாள்களை ஒட்டித்தான். ஊரின் சார்பில் ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல வேண்டிய நாற்காலி காலியாக இருக்கும்போது, மிச்சமிருப்பது கிராம சபை ஒன்றே.

ஆகவே அரசுக்கு என் வேண்டுகோள் பெரியதல்ல. எந்த ஊராட்சியை இணைக்க எண்ணினாலும், அதற்கென்றே ஒரு கிராம சபையைக் கூட்டுங்கள். குடிநீர், சுகாதாரத்தோடு பதினாறாவது பொருளாகச் சேர்க்காதீர்கள். வரி எவ்வளவு ஏறும், எத்தனை ஆண்டில் ஏறும், வேலைத் திட்டம் என்னவாகும், குடிநீர்க் கட்டணம் என்ன என்பதை ஒரே தாளில் பேச்சுத்தமிழுக்கு நெருக்கமான நடையில் அச்சிட்டு வீடுதோறும் கொடுங்கள். கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, எத்தனை பேர் ஒப்பினார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதைத் தீர்மானத்தில் எண்ணோடு எழுதுங்கள். அந்த எண்ணைப் பார்த்தபின்னும் இணைத்தே ஆக வேண்டும் என்று அரசுக்குத் தோன்றினால், காரணத்தை எழுதிவிட்டு இணைக்கட்டும். இணைந்த ஊர்களில் பழைய ஊராட்சி அலுவலகக் கட்டடத்தைப் பூட்டி வைக்காமல், பகுதி சபையை அங்கேயே, ஊர் அறிந்த தேதியில், தண்டோரா போட்டுக் கூட்டினால் பாதிக் குறை தீரும். இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது; மாவட்ட நிர்வாகம் மனம் வைத்தால் போதும் என்பது என் பணி அனுபவம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இணைப்புச் செய்திகளில் ஊராட்சிகளின் பெயர்ப் பட்டியலை மட்டும் போடாமல், அந்த ஊர்களின் கடைசி நான்கைந்து கிராம சபைத் தீர்மானங்களையும் வாங்கிப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஓர் ஊர் தன்னிடம் என்ன கேட்டுக்கொண்டது என்பது அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. இணைந்த ஊர்களின் பழைய தீர்மானப் புத்தகங்கள் இன்று எந்த அலமாரியில் இருக்கின்றன என்று ஒரு நிருபர் விசாரித்தாலே நல்ல கட்டுரை ஒன்று கிடைக்கும்.

எங்கள் பேருந்து நிறுத்தத்து வேம்புகள் இரண்டும் இப்போது ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன. காலை பத்து மணி வரைக்கும் தகரத்தின் பாதியில் நிழல் விழுகிறது. அந்த மூதாட்டி இன்றும் அதே பேருந்துக்குத்தான் நிற்கிறார். கோடையில் அந்த மரங்களுக்கு டேங்க் ஆபரேட்டர்தான், மேல்நிலைத் தொட்டியைத் திறந்துவிட்டுத் திரும்பும் வழியில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு குடம் ஊற்றுகிறார். யாரும் அவருக்கு அந்த வேலையை எழுதிக்கொடுக்கவில்லை. எங்கள் ஊராட்சியும் இணைப்புப் பட்டியலில் வந்துவிட்டதாக ஊருக்குள் ஒரு பேச்சு அடிபடுகிறது. வந்துவிட்டால் அவரை எந்த மண்டலத்துக்கு மாற்றுவார்கள் என்று அவரும் நானும் போன வாரம் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர் ஒருவர்,
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.